பைபாஸுக்கு முன்னால் ஒரு படம்: இதய எம்.ஆர்.ஐ எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

(நமது அறக்கட்டளையின் மாதாந்திர மருத்துவ முகாமை ஒட்டி மதரஸா மண்டபத்தில் நடந்த கூட்டத்தில், முகாமுக்கு வந்து உதவும் இதயநோய் மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



அஸருக்குப் பிறகு ஆரம்பித்து மஃரிப் பாங்குக்குள் முடித்துவிட வேண்டும் என்று செயலாளர் காக்கா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மருத்துவ உதவி கேட்டு அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் இதயம் சம்பந்தப்பட்டவற்றை என்னிடம் காட்டிக் கருத்துக் கேட்பார்கள். பெரும்பாலான ஃபைல்களில் ஒரே கேள்விதான் இருக்கும். "அத்தாவுக்கு மாரடைப்பு வந்துவிட்டது. எக்கோவில் பம்பிங் முப்பது என்கிறார்கள். மூன்று குழாயிலும் அடைப்பு. பைபாஸ் பண்ணினால் பம்பிங் ஏறுமா?" சில ஃபைல்களில் இப்போது இன்னொரு சீட்டும் சேர்ந்து வருகிறது. "டாக்டர் இதயத்துக்கு எம்.ஆர்.ஐ எடுக்கச் சொல்கிறார். பல ஆயிரம் ஆகும். இது அவசியமா, இல்லை ஆஸ்பத்திரி பணம் பறிக்கிற வேலையா?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். பதில் ஒரு வார்த்தையில் வராது.

முதலில் அந்த முப்பதைப் பார்த்துவிடுவோம். நிறையப் பேர் அதைப் பரீட்சை மார்க் மாதிரி நினைக்கிறார்கள். நூற்றுக்கு முப்பது, முப்பத்தைந்து எடுத்தால் பாஸ் என்று. அப்படி இல்லை. இதயத்தின் இடது கீழறையில் 100 மில்லி ரத்தம் நிரம்பினால், ஒரு துடிப்பில் எத்தனை மில்லி வெளியே போகிறது என்பதுதான் அந்த எண். நல்ல இதயமே நூறையும் தள்ளுவதில்லை, 55 முதல் 70 வரை தள்ளும். ஆகவே முப்பது என்றால் ஏறக்குறைய பாதி வேலை நடக்கிறது என்று அர்த்தம். பயப்பட வேண்டியதுதான். ஆனால் நீங்கள் நினைத்த அளவுக்கு அல்ல.

அந்த எண் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சொல்லும். ஏன் குறைந்தது என்று சொல்லாது. எக்கோவில் இதயத்தின் முன்சுவர் அசையாமல் நிற்பதைப் பார்க்கிறோம். அந்தச் சுவர் செத்துப் போனதால் நிற்கிறதா, ரத்தம் போதாமல் சோர்ந்து நிற்கிறதா? வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கோடையில் காய்ந்து கிடக்கும் அறுகம்புல்லையும் பட்டுப்போன செடியையும் தூரத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியுமா? ஒரு மழை பெய்தால் ஒன்று பச்சை பிடிக்கும், மற்றொன்று பிடிக்காது.

ரத்த ஓட்டம் நீண்ட நாள் குறைந்திருக்கும்போது இதயத் தசை தன் வேலையைக் குறைத்துக்கொண்டு உயிரை மட்டும் பிடித்து வைத்திருக்கும். இதை உறக்க நிலை என்று சொல்கிறோம். இந்தக் கருத்தை 1980களில் உலக மருத்துவர்கள் மத்தியில் நிலைநிறுத்தியவர் ஷாபுதீன் ரஹிம்துலா. மும்பையில் பிறந்து, கராச்சியில் மருத்துவம் படித்து, அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தவர். பைபாஸ் செய்த சிலருக்கு, செத்துவிட்டது என்று எழுதி வைத்திருந்த சுவர்கள் மறுபடி அசைவதைக் கவனித்து, "இது சாகவில்லை, உறங்கிக்கொண்டிருந்தது" என்று சொன்னார். இதயத் தசையைப் பற்றி நாங்கள் யோசிக்கும் முறையே அதன் பிறகு மாறியது.

உறங்குகிற தசையா, தழும்பாகிவிட்ட தசையா என்பதை ஆபரேஷனுக்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது? தாலியம் ஸ்கேன், பெட் ஸ்கேன், மருந்து கொடுத்துச் செய்யும் எக்கோ என்று பல வழிகள் உண்டு. தழும்பைக் கண்ணுக்கு நேராகக் காட்டுவதில் எம்.ஆர்.ஐ இவற்றைவிடத் தெளிவானது. அதன் தந்திரம் எளிமையானது, சொன்னால் உங்களுக்கே புரியும்.

கையில் ஊசி வழியாகக் காடோலினியம் என்ற மருந்தைச் செலுத்துவார்கள். பத்து நிமிடம் போல காத்திருந்து படம் எடுப்பார்கள். காத்திருப்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு தெருவில் வீடுகள் நெருக்கமாக, கதவு சாத்தி இருந்தால் மழைத் தண்ணீர் தெருவோடு ஓடி வடிந்துவிடும். நடுவில் ஒரு வீடு இடிந்து காலி மனையாகக் கிடந்தால் அதில் மட்டும் தண்ணீர் தேங்கி நிற்கும். உயிருள்ள தசைச் செல்கள் காடோலினியத்தை உள்ளே விடாது, நெருக்கமாகவும் இருக்கும். அதனால் மருந்து வந்த வேகத்தில் வடிந்துவிடும். தழும்பில் செல் கிடையாது, நார்தான் இருக்கிறது, நாருக்கு இடையில் இடைவெளி அதிகம். மருந்து அங்கே தங்கிவிடும். படத்தில் உயிருள்ள தசை கறுப்பாகவும் தழும்பு வெள்ளையாகவும் தெரியும். எங்கள் துறையில் இளைய டாக்டர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே "வெளிச்சமாக இருந்தால் செத்தது" என்பதுதான். கேட்க விசித்திரமாக இருக்கும்.

இன்னொன்றும் தெரிந்தால்தான் ரிப்போர்ட் புரியும். மாரடைப்பில் தசை ஒரேயடியாகச் சாவதில்லை. இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் இதயத்தின் வெளிப்புறம் ஓடுகின்றன. அங்கிருந்து கிளை பிரிந்து உள்நோக்கிப் போகின்றன. அதனால் சுவரின் உள் அடுக்கு கடைமடை மாதிரி. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கடைமடை வயல்தானே முதலில் காயும்? அதே மாதிரி தசையின் சாவு உள்பக்கம் தொடங்கி, நேரம் ஆக ஆக வெளிப்பக்கம் பரவும். ஒரு மணி நேரத்தில் வந்தவருக்குச் சுவரின் கால் பங்கு போயிருக்கலாம், பன்னிரண்டு மணி நேரம் கழித்து வந்தவருக்கு முழுச் சுவரும் போயிருக்கலாம். நெஞ்சு வலித்தால் ஓம வாட்டர் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள் என்று ஒவ்வொரு முகாமிலும் கத்துவது இதற்காகத்தான்.

எம்.ஆர்.ஐ இந்தக் கணக்கைச் சுவர் சுவராகக் காட்டும். இடது கீழறையை 17 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் சுவரின் கனத்தில் எத்தனை பங்கு தழும்பு என்று எழுதுவார்கள். "கால் பங்குக்குக் கீழ்", "பாதிக்கு மேல்", "முழுக் கனம்" என்றெல்லாம் இருக்கும்.

இதை வைத்து எதிர்காலத்தைச் சொல்ல முடியுமா? 2000ஆம் ஆண்டு சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறிய ஆய்வுதான். பைபாஸ் அல்லது ஸ்டென்ட் செய்துகொள்ளப் போகிற 50 நோயாளிகளுக்கு முதலில் எம்.ஆர்.ஐ எடுத்தார்கள். சிகிச்சைக்குப் பிறகு 41 பேருக்கு மறுபடி எடுத்து, முன்பு சரியாக அசையாத 804 பகுதிகளில் எது எது மீண்டது என்று எண்ணினார்கள். தழும்பே இல்லாத 329 பகுதிகளில் 256 மீண்டன, அதாவது 78 சதவீதம். தழும்பு கால் பங்குக்குள் இருந்த இடங்களில் 60 சதவீதம் மீண்டன. கால் முதல் பாதி வரை என்றால் 42 சதவீதம். பாதியைத் தாண்டினால் 10 சதவீதம்தான். முக்கால் பங்குக்கு மேல் தழும்பாக இருந்த 58 பகுதிகளில் மீண்டது ஒன்றே ஒன்று.

படிப்படியாக இறங்குகிற ஏணி மாதிரி இருக்கிறது, பாருங்கள். அதிலிருந்துதான் "பாதிக்கு மேல் தழும்பு இருந்தால் அந்தச் சுவர் மீளாது" என்று நாங்கள் வாய்க்கணக்காகச் சொல்ல ஆரம்பித்தோம். நடுவில் இருக்கிற 42 சதவீதத்தை மறந்துவிட்டுச் சொல்கிறோம் என்பது என் வருத்தம். 42 சதவீதம் என்றால் ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. ரிப்போர்ட்டில் அந்த வரி வரும் குடும்பத்துக்கு டாக்டர் எதையும் அடித்துச் சொன்னால், அவர் தெரிந்ததைவிட அதிகமாகச் சொல்கிறார்.

இன்னொரு பழைய நம்பிக்கையையும் இந்தப் படம் அசைத்தது. எக்கோவில் சுவர் மெலிந்து காகிதம் மாதிரி தெரிந்தால் செத்தது என்று முடிவு கட்டிவிடுவோம். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், அப்படி மெலிந்த சுவர்களில் 18 சதவீதத்தில் தழும்பு பாதிக்கும் குறைவாகவே இருந்தது. அவற்றுக்கு ரத்தம் கிடைத்தபோது அசைவு மட்டும் திரும்பவில்லை, கனமும் கூடியது. மெலிந்துவிட்டது என்று கைவிடப்பட்டவர்களில் எத்தனை பேர் அந்தப் பதினெட்டில் இருந்திருப்பார்கள் என்று சில சமயம் நினைத்துப் பார்ப்பேன்.

இங்கே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அத்தா இல்லை இப்போது. இருந்திருந்தால் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்.

2003இல் அத்தாவுக்கு மாரடைப்பு. சாயங்காலம் தொடங்கிய வலியை வாயு என்று நினைத்து, சோடா குடித்து, கடையை அடைத்துவிட்டு வந்து படுத்து, காலையில்தான் ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டார். எக்கோவில் முப்பது. ஆஞ்சியோவில் மூன்று குழாயிலும் அடைப்பு. நான் அப்போது புதிதாகப் படித்து முடித்த டாக்டர். புதிதாகப் படித்தவனுக்குச் சந்தேகமே வராது. "பைபாஸ் பண்ணினால் நாற்பத்தைந்துக்கு ஏறும் அத்தா" என்று நானே சொன்னேன். உம்மா நகையை எடுத்துக் கொடுத்தார்கள். காக்கா கடைப் பத்திரத்தை வைத்தார். இதய எம்.ஆர்.ஐ நம் பக்கத்தில் அன்றைக்குச் சுலபமாகக் கிடைக்காது. கிடைத்திருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன் என்பதுதான் உண்மை. எனக்குத்தான் பதில் தெரியுமே.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. மூன்று மாதம் கழித்து எக்கோ எடுத்தோம். வெளியே வந்ததும் அத்தா கேட்டார். "எவ்வளவு தம்பி?"

"முப்பது அத்தா."

"முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?"

"முப்பது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ரெண்டையும் கூட்டினா அறுபதாச்சு, பரவாயில்ல, வா" என்று சொல்லி ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். அதற்கு மேல் அதைப்பற்றி அவர் பேசியதே இல்லை. கடன் அடைய ஏழு வருடம் ஆனது. அத்தா அதில் ஆறு வருடம் எங்களோடு இருந்தார்.

பல வருடம் நான் நினைத்துக்கொண்டிருந்தது இதுதான்: ஒரு படம் எடுத்திருந்தால் முன்சுவர் முழுத் தழும்பு என்று தெரிந்திருக்கும், ஆபரேஷனைத் தவிர்த்திருக்கலாம், கடனும் இல்லை. இதை இப்படியே சொல்லி முடித்திருந்தால் இன்றைய பேச்சு அழகாக இருக்கும். ஆனால் அப்படி முடிக்க எனக்கு இப்போது உரிமை இல்லை. பிறகு வந்த பெரிய ஆய்வுகள் என் கணக்கைக் குழப்பிவிட்டன. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டிச் என்ற ஆய்வு. 22 நாடுகளில், பம்பிங் 35 அல்லது அதற்குக் கீழே இருந்த 1212 பேர். பாதிப் பேருக்கு மருந்து மட்டும், பாதிப் பேருக்கு மருந்தோடு பைபாஸ். சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி பிரித்தார்கள், அப்படிப் பிரித்தால்தான் பாரபட்சம் வராது. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது மருந்து மட்டும் எடுத்தவர்களில் 66 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், பைபாஸ் செய்தவர்களில் 59 சதவீதம். பைபாஸுக்கு லாபம் இருக்கிறது. ஆனால் அந்த லாபம் பத்து வருடத்தில் தெரிகிற லாபம். ஆபரேஷன் நடந்த முதல் மாதத்தில் பைபாஸ் பக்கம்தான் இறப்பு கூடுதல். இதே ஆய்வில் 601 பேருக்குத் தசை உயிரோடு இருக்கிறதா என்ற சோதனையும் செய்தார்கள். எம்.ஆர்.ஐ அல்ல, மற்ற முறைகளில். தசை உயிரோடு இருந்தவர்களுக்குத்தான் பைபாஸ் பலன் தரும், மற்றவர்களுக்குத் தராது என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அப்படி வரவில்லை. பம்பிங் ஏறாதவர்களுக்கும் பைபாஸால் ஆயுள் கூடியிருக்கலாம் என்றுதான் கணக்கு சொல்கிறது. அத்தாவின் அந்த ஆறு வருடத்தில் எத்தனை வருடம் அந்த ஆபரேஷன் கொடுத்தது? எனக்குத் தெரியாது. வீணாயிற்று என்று சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

அடுத்தது ரிவைவ்ட். 2022இல் வெளியானது. இங்கிலாந்து உள்ளிட்ட பிரிட்டனின் 40 ஆஸ்பத்திரிகளில் 700 பேர். எல்லோருக்கும் பம்பிங் 35 அல்லது அதற்குக் கீழ். குறைந்தது நான்கு பகுதிகளில் தசை உயிரோடு உறங்குகிறது என்று காட்டப்பட்டவர்கள், பெரும்பாலும் எம்.ஆர்.ஐ மூலம். ஒரு பாதிக்கு ஸ்டென்டும் மருந்தும், மறு பாதிக்கு மருந்து மட்டும். சுமார் மூன்றரை வருடம் கவனித்தார்கள். இறந்தவர்கள் அல்லது இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் ஸ்டென்ட் பக்கம் 37.2 சதவீதம், மருந்து பக்கம் 38.0 சதவீதம். வித்தியாசமே இல்லை. உறங்குகிற தசை நிறைய இருந்தவர்களுக்காவது ஸ்டென்ட் கூடுதல் பலன் தந்ததா என்று தனியாகப் பார்த்தார்கள். அதுவும் இல்லை. ஆனால் ஒன்று தெளிவாக வந்தது. எந்தச் சிகிச்சை எடுத்தாலும், யாருடைய இதயத்தில் தழும்பு அதிகமோ அவருக்குத்தான் ஆபத்து அதிகம், பம்பிங் மீளும் வாய்ப்பும் குறைவு.

அப்படியானால் சிகாகோ ஆய்வு பொய்யா? இல்லை. அது சுவர் அசைகிறதா என்று கேட்டது. பின்னவை மனிதர் எத்தனை நாள் இருக்கிறார் என்று கேட்டன. இரண்டும் வேறு கேள்விகள். தவிர, 2000இல் இருந்த மருந்துகளும் இன்றைய மருந்துகளும் ஒன்றல்ல. உறங்குகிற தசையை எழுப்ப அடைப்பை நீக்குவது ஒரு வழி. நல்ல மருந்துகளைச் சரியான அளவில் பல மாதம் கொடுத்தால் அதே தசை அதுவாகவே எழுந்துகொள்வதையும் இப்போது பார்க்கிறோம்.

என் நோயாளிகள் இருவரைச் சொல்கிறேன், அனுமதி வாங்கித்தான். இருவருக்கும் எக்கோவில் முப்பது. ஒருவர் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர், மற்றவர் தையல்காரர். புக்கிங் ஆபீஸ்காரருக்குப் படத்தில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடுதான், கால் பங்குக்கும் கீழ். மூன்று குழாய் அடைப்பு, சர்க்கரை நோய், நடந்தால் நெஞ்சு வலி. பைபாஸ் செய்தோம், ஒன்பது மாதத்தில் நாற்பத்தெட்டு. தையல்காரருக்கு முன்சுவரும் நுனியும் முழு வெள்ளை. அந்தச் சுவருக்குப் போகும் ஒரு குழாயில்தான் அடைப்பு, நெஞ்சு வலி இல்லை. வேறோர் இடத்தில் ஸ்டென்ட் வைக்கச் சொல்லி, வீட்டில் பணம் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பொறுங்கள் என்றேன். நான்கு வகை மருந்தைப் படிப்படியாக ஏற்றினோம். படத்தில் இதயத்தின் நுனியில், எக்கோவில் தெரியாமல் போன ஒரு ரத்தக்கட்டியும் தெரிந்தது. அதற்குத் தனி மருந்து. எட்டு மாதத்தில் முப்பத்தாறு. பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் மாடிக்கு நின்று நின்று போனவர் இப்போது நிற்காமல் போகிறார், பெருநாள் தையல் வேலையும் முழுசாக எடுத்தார்.

இந்த இரண்டு பேருக்கும் படம் "ஆம்", "இல்லை" என்று தீர்ப்புச் சொல்லவில்லை. வலி இருக்கிறதா, எத்தனை குழாய், சர்க்கரை உண்டா, கிட்னி எப்படி, ஆபரேஷனைத் தாங்குவாரா என்ற பல சாட்சிகளில் அதுவும் ஒரு சாட்சி. நம்பகமான சாட்சி, அவ்வளவுதான். ஒரு சாட்சியை வைத்துக் காஜியார் தீர்ப்புச் சொல்ல மாட்டார் அல்லவா?

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. நான் சொன்னதெல்லாம் பழைய மாரடைப்பால் பம்பிங் குறைந்து, நிதானமாக முடிவெடுக்க நேரம் உள்ளவர்களுக்கு. இப்போது மாரடைப்பு நடந்துகொண்டிருக்கிறது என்றால் எந்த ஸ்கேனும் வேண்டாம், எந்த யோசனையும் வேண்டாம், உடனே குழாயைத் திறக்க வேண்டும். இடது பிரதான குழாயில் பெரிய அடைப்பு இருந்தாலோ, மருந்துக்கு அடங்காத நெஞ்சு வலி இருந்தாலோ கணக்கே வேறு. "கூட்டத்தில் டாக்டர் ஸ்டென்ட் வேண்டாம் என்று சொன்னார்" என்று யாராவது வீட்டில் போய்ச் சொன்னால், நான் அப்படிச் சொல்லவில்லை என்பதற்கு இங்கே இருநூறு பேர் சாட்சி.

இனி எடுக்கப் போகிறவர்களுக்கு. எம்.ஆர்.ஐ என்பது பெரிய காந்தம், எக்ஸ்ரே கதிர் கிடையாது. சாதாரணமாக 1.5 டெஸ்லா, பூமியின் காந்த சக்தியைப் போல சுமார் முப்பதாயிரம் மடங்கு. அதனால் இரும்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. நம் வீடுகளில் மறப்பது எது என்று எனக்குத் தெரியும்: கழுத்துத் தாயத்து, இடுப்பு அரைஞாண், தலைத்துணியில் குத்தும் ஊக்கு, சட்டைப் பையில் ஏ.டி.எம் கார்டு. கண்ணுக்கு மை, சுர்மா எதுவும் போடாமல் போங்கள். வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவர், கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் பட்டவர் கட்டாயம் சொல்ல வேண்டும். தாய்மார்கள் பெண் ஊழியர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு நேரம் வாங்கிக்கொள்ளலாம், அதில் கூச்சம் வேண்டாம்.

உள்ளே முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். குழாய் மாதிரி இடம், டம் டம் என்று சத்தம், காதுக்கு அடைப்பான் தருவார்கள். "மூச்சை விட்டு, பிடித்து நிறுத்துங்கள்" என்று ஸ்பீக்கரில் சொல்வார்கள். பத்துப் பதினைந்து விநாடி பிடிக்க வேண்டும், திரும்பத் திரும்ப. படம் நன்றாக வருவதும் வராததும் பாதி இதில்தான் இருக்கிறது. ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் கடிகாரத்தைப் பார்த்துப் பழகுங்கள். மூச்சு பிடிக்கவே முடியாதவர்கள், மல்லாந்து படுக்க முடியாத அளவுக்கு மூச்சுத்திணறல் உள்ளவர்கள் முதலில் நுரையீரல் நீரை மருந்தால் இறக்கிக்கொண்டு பிறகு எடுப்பது நல்லது. துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்குப் படம் கலங்கும், அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிட்னி விஷயம். காடோலினியம் ஆஞ்சியோவில் போடும் அயோடின் மருந்து அல்ல, வேறு. கிட்னி மிக மோசமாக உள்ளவர்களுக்கும் டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் பழைய வகைக் காடோலினியம் தோலை இறுக்கும் ஒரு கொடிய வியாதியைக் கொண்டுவந்தது உண்டு. இன்றைய புதிய வகைகளில் அது மிக மிக அரிது. ஆனாலும் கிரியேட்டினின் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகப் போடுவதில்லை.

பெண்கள் பகுதியிலிருந்து இரண்டு சீட்டு வந்திருக்கிறது. முதல் சீட்டு: "என் மாமாவுக்குப் போன வருடம் ஸ்டென்ட் வைத்தது. காந்தம் அதை இழுத்துவிடாதா?" இழுக்காது தாயே. இன்றைய ஸ்டென்டுகளோடு எம்.ஆர்.ஐ எடுக்கலாம். பைபாஸில் நெஞ்செலும்பைக் கட்டும் கம்பியும் பிரச்சினை இல்லை. பேஸ்மேக்கர் மட்டும் அப்படியல்ல. எம்.ஆர்.ஐக்கு ஏற்ற வகை என்று தனியாக உண்டு. எந்த வகை என்று பேஸ்மேக்கருக்குக் கொடுத்த அட்டையில் இருக்கும், அந்த அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். அட்டை தொலைந்துவிட்டால் வைத்த ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிய பிறகுதான் ஸ்கேன் அறைக்குள் போக வேண்டும்.

இரண்டாவது சீட்டு கொஞ்சம் கோபமாக இருக்கிறது. "இவ்வளவும் சொல்கிறீர்கள். முடிவில் எடுக்கலாமா வேண்டாமா? பணம் எங்களுடையது." சரிதான், அம்மா. நான் இப்படிப் பிரிப்பேன். நெஞ்சு வலி அதிகம், இடது பிரதான குழாயில் அடைப்பு என்றால் படம் இல்லாமலே பைபாஸ் முடிவாகிவிடும். படத்துக்குச் செலவழிக்க வேண்டாம். பம்பிங் குறைவு, வலி இல்லை, ஆபரேஷனில் ஆபத்து அதிகம், டாக்டர்களே இரண்டு விதமாகச் சொல்கிறார்கள் என்றால் படத்துக்குச் செலவழிக்கிற பணம் வீண் இல்லை. எடுப்பதற்கு முன் டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "படத்தில் தழும்பு அதிகம் என்று வந்தால் என்ன செய்வீர்கள், குறைவு என்று வந்தால் என்ன செய்வீர்கள்?" இரண்டுக்கும் ஒரே பதில் சொன்னால், அந்தப் படம் எதற்கு?

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் பைபாஸும் ஸ்டென்டும் அதில் அடங்கும் என்பதை அறிவீர்கள். ஸ்கேன் அடங்குமா என்பதை அந்தந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் விசாரிக்காமல் கடன் வாங்க ஓடாதீர்கள். வட்டிக்கடைக்குப் போவதற்கு முன் இங்கே வாருங்கள்.

பாங்கு நெருங்கிவிட்டது, செயலாளர் காக்கா எழுந்து நிற்கிறார். கடைசியாக ஒரு சின்ன விஷயம். மனுவோடு ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் வைக்கிறீர்கள். எம்.ஆர்.ஐ எடுத்த இடத்தில் கேட்டால் படங்கள் அடங்கிய சி.டி. தருவார்கள். அதையும், பழைய எக்கோக்கள் அனைத்தையும், இப்போது சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடும் கொண்டுவாருங்கள். அடுத்த முகாமில் சுவருக்கு எதிரே கம்ப்யூட்டர் வைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் அத்தாவின் இதயத்தில் எங்கே வெள்ளை, எங்கே கறுப்பு என்று உங்களுக்கே காட்டுகிறேன்.

வஸ்ஸலாம்.